நெருப்புக்குள் இருந்த சாட்சி

பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்குக் கோன் என்றால் தெரியும். விரல் நீளத்துக்கு மூன்று பட்டை வைத்த சின்னக் கூம்பு அது. களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்பு எல்லாம் குறித்த அளவில் கலந்து செய்தது. சரக்கு அடுக்கும்போதே, எட்டிப் பார்க்கும் துளைக்கு நேராக அதையும் நிறுத்தி வைத்துவிடுவோம். சூளையில் வெப்பம் ஏற ஏற ஒரு கட்டத்தில் அதன் நுனி இளகிக் குனியத் தொடங்கும். குனிந்த நுனி அடியைத் தொட்டால் சரக்கு வெந்துவிட்டது என்று பொருள். பெர்லினில் ஹெர்மான் செகர் என்பவர் 1886இல் இந்தக் கூம்புகளை வகுத்துக் கொடுத்தார். இன்றுவரை உலகத்துச் சூளைகளில் இவை இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

வெப்பம் காட்டும் மீட்டர் வந்த பிறகும் கோன் எதற்கு என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். மீட்டர் தன் முனை இருக்கும் இடத்தில், அந்த நொடியில், எத்தனை டிகிரி என்று மட்டும்தான் சொல்லும். கோன் சொல்வது இவ்வளவு சூடு இவ்வளவு நேரம் நின்று சரக்கை என்ன செய்திருக்கிறது என்பதை. மெதுவாக ஏற்றினால் கொஞ்சம் குறைந்த டிகிரியிலேயே அது சாயும். அவசரமாக ஏற்றினால் கூடுதல் டிகிரி கேட்கும். நெருப்புக்குள் சரக்கோடு சரக்காக நின்று வெந்த சாட்சி அது. வெளியே நின்று வேடிக்கை பார்த்த சாட்சிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சூளைக்காரன் மறக்க மாட்டான்.

விருத்தாசலத்தில் இந்தப் பேச்சைப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை வெட்டியபோது களிமண்ணும் வந்தது. அந்த மண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ கொடுக்கும் அரசுக் கல்வி நிலையமும் வந்தது. வீட்டு மீட்டர் பலகையில் நாம் பிடுங்கிச் செருகிய வெள்ளை ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், பொம்மை, கோப்பை என்று இந்த ஊரின் கை பட்ட பீங்கான் தமிழ்நாட்டில் எங்கெங்கோ இருக்கிறது. மின்சாரத்தை மறித்து நிற்கிற, சூட்டைத் தாங்குகிற வெள்ளை மண் என்றால் எங்களுக்கு அன்றாடம் பார்க்கிற பொருள். அதனால்தானோ என்னவோ, ஒரு பெட்ரோல் காரின் எரிபொருள் கோளாறு எனக்கு முதன்முதலில் பிடிபட்டது ஒரு பீங்கான் துண்டின் வழியாக. ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறேன்.

பிளக்கின் கீழ்முனையில், இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆரம்ப காலத்தில் அது சாதாரணப் பீங்கானாகவே இருந்தது. இப்போது பெரும்பங்கு அலுமினா. நம் கோப்பைக்கும் தட்டுக்கும் 1250, 1300 டிகிரி போதும் என்றால், இதை 1600 டிகிரிக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். சிலிண்டருக்குள் நடக்கும் ஒவ்வொரு வெடிப்பையும் அந்த மூக்கு உள்ளேயே நின்று வாங்கிக்கொள்கிறது. இஞ்சின் ஓடும்போது அது ஏறக்குறைய 500 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் படிகிற கரி எரிந்து போகாமல் அப்படியே தங்கும். மேலே ஏறினால் ஸ்பார்க் வருமுன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும்.

சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிந்த இஞ்சினில் இந்த மூக்கு வெளிர்பழுப்பாக இருக்கும், பிஸ்கட் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். கரிக்கட்டை போலக் கறுத்து, தொட்டால் பொடி விரலில் ஒட்டினால், பெட்ரோல் ஜாஸ்தி அல்லது காற்று குறைவு. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவில்லை. சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, சூடு மீறிப் போகிறது. சூளைக்காரனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. காற்றைக் குறைத்து எரித்தால் சூளை புகைந்து சரக்குக்குள் கறுப்பு ஏறும். காற்றைத் தாராளமாக விட்டால் அதே மண் வேறு நிறத்தில் வெளுத்து வரும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சின்னக் கார், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 500 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோலின் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் காற்றை மறந்துவிடுகிறார்கள்.

என் மாமாவிடம் ஒரு வெள்ளை மாருதி 800 இருந்தது. கார்பரேட்டர் மாடல். 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தாரே, அந்த வரிசையில் பிற்பாடு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் அந்த வண்டியின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் அது இன்னும் ஓடுகிறது. எளிமையான இஞ்சின். பானெட்டைத் தூக்கினால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கை நுழைய இடமும் இருக்கும்.

மாமாவின் வண்டி ஊருக்குள் அழகாக ஓடியது. உளுந்தூர்பேட்டை சாலையில் போனால், மங்கலம்பேட்டை தாண்டும்போது இழுத்து இழுத்து நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரம் கட்டிவிட்டுச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காதது போல எடுத்துக்கொள்ளும். ஒரு ஷெட்டில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கிட் மாற்றினார்கள். இன்னொரு ஷெட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கறுப்பாக இருக்கிறது, பெட்ரோல் ஜாஸ்தி அடிக்கிறது என்று சொல்லிக் கலவையைக் குறைத்தார்கள். பிறகு பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டார்கள். வண்டி நிற்பது நிற்கவில்லை.

பாலக்கரைப் பக்கம் ஷெட் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கடைசியில் போனோம். எல்லாருக்கும் அவர் பாய். வண்டியைத் தொடவில்லை. மாமாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

“எப்பண்ணே நிக்குது?”

“மங்கலம்பேட்ட தாண்டி, பாய்.”

“ஊர விடுங்க. கெளம்பி எவ்ளோ நேரத்துல? எவ்ளோ ஸ்பீடுல? டேங்க்ல அன்னிக்கி எவ்ளோ இருந்துது? நிக்கறதுக்கு முன்ன ஜெர்க் அடிச்சுதா, பட்டுனு ஆஃப் ஆச்சா?”

“மூணு நாலு வாட்டி இழுத்துச்சு. அப்பறம் அடங்கிப் போச்சு.”

“அப்ப பெட்ரோல் பக்கந்தான். கரண்டு போறதுன்னா சொல்லிக்கிட்டா போவும்?”

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி இஞ்சின் விசாரணையிலிருந்து விலகிவிட்டது. பாய் மேலும் கேட்டார். காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி? சிக்னலில் நிற்கும்போது ஸ்லோ ஸ்பீடு நிற்கிறதா? ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதித்தால் திணறுகிறதா? ஒவ்வொரு கேள்வியும் கார்பரேட்டரின் ஒரு வழியைக் குறி வைத்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் என்ற ஊசி முனைத் துளை வழியாக. அது அடைத்தால் நிற்கிற இடத்தில் வண்டி அணையும், ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வேகமாகப் போகும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. சட்டென மிதிக்கும்போது கூடுதலாக ஒரு பீச்சு பீச்சுவதற்குத் தனியாக ஒரு சின்னப் பம்பு இருக்கிறது. அதன் ரப்பர் கிழிந்தால் மிதித்த கணத்தில் மட்டும் வண்டி தடுமாறும். மிதவையின் ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழிந்து, சூடான இஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். சோக் திறக்காமல் நின்றுவிட்டால் கரும்புகை வரும், மைலேஜ் போகும். எந்த வழி கெட்டது என்பதை எப்போது கெடுகிறது என்பதே சொல்லிவிடும்.

மாமாவின் பதில்களில் பைலட் ஜெட்டும் சின்னப் பம்பும் சோக்கும் தப்பித்தன. வேகத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம் ஓடிய பிறகு மட்டும் வருகிற குறை. வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு இழுக்க முடியாமல் போவதும் உண்டு. அம்பாசிடர் காலத்தில் சித்திரை மாதம் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத் துணி சுற்றி ஓட்டியது அதற்காகத்தான். மாமாவின் வண்டி மழை நாளிலும் நின்றிருந்தது என்று கேட்டதும் பாய் அதை ஒதுக்கினார். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வழியில்லாமல், பம்பு எவ்வளவு இழுத்தாலும் வராது. நின்ற இடத்தில் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும். அதையும் சோதித்தோம், சத்தம் இல்லை.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. “புதுப் பம்பு போட்ட பொறவு எப்டி இருக்கு? கூடிச்சா, கொறஞ்சிச்சா?”

மாமா யோசித்தார். முன்பு மங்கலம்பேட்டை தாண்டி நின்ற வண்டி, இப்போது மங்கலம்பேட்டைக்கு முன்னாலேயே நிற்கிறது என்றார். பாயின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. புதுசு போட்டு ஒரு கோளாறு கூடுகிறது என்றால் அதுவும் ஒரு சேதி, அதைக் கேட்காமல் அடுத்த பார்ட்டுக்குப் போகக் கூடாது என்றார்.

மறுநாள் வண்டியை அவரே ஓட்டினார், நாங்கள் கூடப் போனோம். மங்கலம்பேட்டைக்கு இப்பால் வண்டி இழுக்க ஆரம்பித்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இழுக்க விட்டு, அது அடங்குகிற தருணத்தில் சாவியை ஆஃப் செய்து, கியரை எடுத்து, அப்படியே உருள விட்டு ஓரம் கட்டினார். ஸ்லோ ஸ்பீடில் ஒரு நிமிஷம்கூட ஓட விடவில்லை. அலுமினிய ஹெட் என்பதால் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும் என்று இளஞ்சூடு வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு மூன்று பிளக்கையும் கழற்றிக் கைக்குட்டையின் மேல் வரிசையாக வைத்தார். மூன்றின் மூக்கும் வறண்டு, வெளேரென்று இருந்தன.

ஷெட்டில் பார்த்தபோது கறுப்பு, சாலையில் வெளுப்பு. இரண்டும் அதே வண்டி, இரண்டும் உண்மை. ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்தி வைத்து ஸ்லோ ஸ்பீடில் ஓட விட்டுப் பார்த்தால் மூக்கு 500 டிகிரியை எட்டாது, கரி படியும். ஊருக்குள் ஊர்ந்து ஓடிய வண்டியின் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கறுப்பை வைத்துக்கொண்டு சாலையில் நடந்ததைத் தீர்மானித்தால் தவறான பதில்தான் வரும். கோன் எந்த நெருப்பில் நின்றதோ அந்த நெருப்பைப் பற்றித்தான் பேசும். பிளக்கும் அப்படித்தான். சாட்சியைக் கூப்பிடுவதற்கு முன் அது எங்கே, எந்த நேரத்தில் நின்றிருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்தில் பெட்ரோல் பத்தவில்லை என்பது இப்போது உறுதி. ஆனால் எங்கே தடை? டேங்க், அதிலிருந்து வரும் குழாய், ஃபில்டர், பம்பு, ஊசி, ஜெட் என்று வரிசையாக ஏதாவது ஒன்றாக இருக்கலாம். பாய் அந்த வரிசையை நடுவில் வெட்டினார். பம்புக்கு வரும் ஹோஸையும் திரும்பிப் போகும் ஹோஸையும் கழற்றி, தான் கொண்டுவந்த இரண்டு லிட்டர் கேனில் விட்டார். கேனைச் சைலன்சருக்கும் பேட்டரிக்கும் எட்டாத மூலையில் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பின்சீட்டில் தீயணைப்பு சிலிண்டர் தயாராக இருந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். அனுபவம் உள்ளவரே அன்று வேர்த்துக்கொண்டுதான் செய்தார்.) வண்டி உளுந்தூர்பேட்டை வரை ஒரு திணறல் இல்லாமல் போனது.

அதோடு பம்பு, ஊசி, மிதவை, ஜெட் எல்லாம் குற்றமற்றவை ஆயின. கிட்டும் பம்பும் வாங்கிய காசு போனது போனதுதான். குறை டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில். ஷெட்டுக்குத் திரும்பி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். டேங்க்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு இணைப்பாக ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் ஈரம் இல்லை, வெடிப்பு இல்லை. கழற்றி ஊதினார், காற்று போனது. எங்களுக்கெல்லாம் ஏமாற்றமாக இருந்தது. அவர் பிளேடை எடுத்து அதை நீளவாக்கில் கீறி விரித்தார். உள்தோல் உப்பி, வெளித்தோலிலிருந்து பிரிந்து தனியாகத் தொங்கியது.

மெதுவாக ஓடும்போது வேண்டிய பெட்ரோல் கொஞ்சம். அது பக்கவாட்டில் கசிந்து வந்துவிடும். வேகம் கூடி, பம்பு பலமாக இழுக்கும்போது தோல் மடிந்து வழியை மூடிக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு நின்று தோல் விரியும், பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். புதுப் பம்புக்குப் பலம் அதிகம், அதனால் சீக்கிரமே மூடிக்கொண்டது. வாயால் ஊதியது அந்தத் தோலைத் தள்ளித் திறந்துவிட்டதே தவிர, இழுக்கும்போது என்ன ஆகும் என்று காட்டவில்லை. ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரே காரணம். அறுபதோ எழுபதோ ரூபாய் ஹோஸ், இரண்டு கிளிப்.

சூளைச் சரக்கின் மேற்பூச்சான கிளேஸில் ஊசி முனை அளவு குழிகள் விழும். பார்த்தவுடன் கிளேஸ் சரியில்லை என்போம், ஏனென்றால் குழி கண்ணுக்குத் தெரிவது கிளேஸில்தான். உண்மையில் மண்ணில் இருந்த கரிமச் சத்து முதல் சூட்டில் முழுதாக எரியாமல் தங்கி, இரண்டாம் சூட்டில் வாயுவாக வெளியேறிக் கிளேஸைத் துளைத்திருக்கலாம். முதல் சூட்டை அவசரப்படுத்தியதன் விளைவு இரண்டாம் சூட்டில் தெரிகிறது. கிளேஸை மாற்றிக்கொண்டே இருந்தால் சரக்கு போய்க்கொண்டே இருக்கும். காரிலும் குறை வெளிப்படுவது கார்பரேட்டரில். ஆகவே பழியும் அதன் மேல். பெட்ரோல் என்றதும் நம் நாக்கில் கார்பரேட்டர் வந்து நிற்கிறது. அந்தச் சொல் வந்த பிறகு கண் வேறெதையும் பார்ப்பதில்லை.

இதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட என்னால் முடியாது. காசுக் கணக்கு இருக்கிறது. மூன்று மணி நேரம் கேள்வி கேட்டு, சாலையில் ஓட்டி, பிளக்கைப் பார்த்து, வரிசையை நடுவில் வெட்டிச் சோதித்து, கடைசியில் ஒரு சாண் ஹோஸ் மாற்றிய மெக்கானிக் எவ்வளவு கேட்க முடியும்? “ஒரு ரப்பர் துண்டுக்கு இவ்ளோவா?” என்பார்கள். பம்பும் கிட்டும் மாற்றினால் பில் போடலாம், பார்ட்டில் கமிஷனும் உண்டு, வண்டிக்காரருக்கும் ஏதோ வேலை நடந்தது என்ற திருப்தி. யோசித்ததற்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. இருந்திருந்தால் முதல் ஷெட்டிலேயே ஒருவர் மாமாவை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். மாற்றுவதற்குக் காசும் பார்ப்பதற்கு இனாமும் என்று இருக்கும்வரை, மாற்றுவதுதான் நடக்கும். ஒன்றை மாற்றும்போது பழைய தடயம் ஒன்று அழிகிறது, புதிய சந்தேகம் ஒன்று சேர்கிறது. அதற்கும் வண்டிக்காரர்தான் விலை கொடுக்கிறார்.

கார்பரேட்டர் போய்விட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2000க்குப் பக்கத்தில் மாருதி 800க்கே இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இப்போது பம்பு டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விப்பதும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் போவதற்கு அது ஒரு காரணம். ஆனால் நெருப்புக்குள் நிற்கும் சாட்சி இன்னும் பீங்கான்தான் என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி. புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். 300 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஆக்சிஜன் அயனிகள் அதன் ஊடே நகரும். ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது வோல்ட் கொடுக்கும். பெட்ரோல் பத்தாத கலவைக்கு 0.1 வோல்ட் பக்கம், ஜாஸ்தியான கலவைக்கு 0.9 வோல்ட் பக்கம். அதற்கு அடுத்து நிற்கும் வினையூக்கிப் பெட்டியின் தேன்கூடு கார்டியரைட் என்ற பீங்கான். சீனக் களிமண்ணும் மாக்கல் பொடியும் அலுமினாவும் சேர்ந்து சுட்டது. எங்கள் தொழிற்பேட்டைக்காரர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் எதனால் ஆனது என்று கேட்கத் தேவையிருக்காது.

சென்சார் சொன்னதைக் கம்ப்யூட்டர் கோடாக மாற்றிக் காட்டுகிறது. ‘பி 0171’ என்று ஸ்கேனரில் வந்தால் கலவை பெட்ரோல் பத்தாமல் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். பம்பு பலவீனமா, ஃபில்டர் அடைப்பா, இன்ஜெக்டர் அழுக்கா, இஞ்சினுக்குப் போகும் வழியில் எங்கேயோ ஒரு ரப்பர் வெடித்துக் கணக்கில் வராத காற்று நுழைகிறதா, சைலன்சர் ஓட்டையால் சென்சாரே ஏமாறுகிறதா என்று அந்த எண் சொல்லவில்லை. பிளக்கின் வெளுப்பு சொன்னதையே இது வோல்ட்டில் சொல்கிறது. கோடைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்தி கொண்டுவந்தவனை வேலையை விட்டு நீக்குவதற்குச் சமம் அது.

இதற்கு நடுவே பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்று போதும். அதனால் பழைய கணக்குக்கு ஜெட் வைத்த கார்பரேட்டர் வண்டியில் கலவை வெளுப்புப் பக்கம் சாயும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் தயவில் தன்னைத் திருத்திக்கொள்ளும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் உப்புவதும் இளகுவதும் உண்டு. மாமாவின் ஹோஸ் அதனாலா, வெறும் வயதினாலா என்று பாய் அடித்துச் சொல்லவில்லை. சொல்லாததற்காகவே அவர் மேல் என் மதிப்பு கூடியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க்கிலிருந்து இஞ்சின் வரை உள்ள ரப்பர் அனைத்தையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்பது மட்டும் அவர் சொன்னது. இன்னொன்றும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் நிற்கும். பம்பு இழுப்பதும் அடியிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் அரை டேங்க்கோடு நின்ற வண்டி தை மாதம் எடுக்கும்போது திணறினால், ஜெட்டைத் தொடுவதற்கு முன் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கி, நாசிலிலிருந்து ஒரு துளி விட்டுப் பார்க்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. நல்ல பெட்ரோல் கறையில்லாமல் பறந்துவிடும். கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, கேட்க வேண்டும்.

பாயின் ஷெட்டை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். ஸ்கேனர் வாங்கியிருக்கிறார், பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜும் வைத்திருக்கிறார். கோடு என்ன சொன்னாலும் முதலில் கேஜைப் போட்டு, வண்டியை ஓட்ட விட்டு, வேகத்தில் அழுத்தம் விழுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரை எடுக்கிறார். வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறார்: “செக்கிங் சார்ஜ் தனி.” தொகையும் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் வேறெங்கோ பம்பு மாற்றிக்கொண்டு, பழைய பம்பை டிக்கியில் போட்டுக்கொண்டு, அதே கோளாறோடு திரும்பி வருகிறார்கள். பழைய பம்பைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்தவரையில் நல்லது என்கிறார் மகன். அதை முதலில் சோதித்துப் பார்க்கிறார், பெரும்பாலும் அது நன்றாகவே ஓடுகிறது.